70 வளைவு, 735 கிலோஜூல்

கொல்லிமலை ரோட்டில் பைக்கில் போயிருப்பீங்க. 70 கொண்டை ஊசி வளைவுகள். அதையே சைக்கிளில் ஏறணும்னா? "அதுக்கெல்லாம் தொடையில பலம் வேணும் மச்சி" என்று ஒதுங்குவதற்கு முன்னாடி, கொஞ்சம் பிசிக்ஸ் போட்டுப் பார்ப்போம்.

நீங்களும் சைக்கிளும் சேர்ந்து 75 கிலோ, ஏற வேண்டிய உயரம் தோராயமாக 1000 மீட்டர் என்று வைத்துக்கொள்வோம். 75 × 9.8 × 1000 = 735 கிலோஜூல். இதை யாராலும் குறைக்க முடியாது. ஆனால் எவ்வளவு நேரத்தில் செலவழிப்பது என்பது உங்க கையில். ஒரு மணி நேரத்தில் ஏற 204 வாட் வேணும். இரண்டு மணி நேரம் எடுத்துக்கொண்டால் 102 வாட் போதும். டயர் உராய்வும் காற்றும் இதுக்கு மேல கொஞ்சம் கேட்கும். ஆக, மலை ஏறுவதில் முதல் திறமை மெதுவாகத் தொடங்குவதுதான். முதல் அஞ்சு வளைவில் காட்டுற கெத்துக்கு மீதி 65 வளைவிலும் அரியர் எழுதணும்! மிதிக்கும்போதே ஒரு முழு வாக்கியம் பேச முடிகிறதா? அப்போ வேகம் சரி.

அடுத்தது கியர். முன்னாடி 34 பல், பின்னாடியும் 34 பல் என்றால், பெடல் ஒரு சுற்றுக்குச் சைக்கிள் சுமார் 2.1 மீட்டர் நகரும். நிமிஷத்துக்கு 60 சுற்று மிதித்தால் மணிக்கு 7.5 கிலோமீட்டர். கியர் இல்லாத சைக்கிளில் 44-க்கு 18 பல் என்றால், அதே வேகத்துக்கு 25 சுற்று போதும்; ஆனால் ஒவ்வொரு சுற்றுக்கும் கிட்டத்தட்ட ரெண்டரை மடங்கு டார்க் வேணும். பவர் ஒன்றுதான், ஆனா முட்டி தாங்காது. ஏற்றம் தொடங்கும் முன்பே கியரைக் குறைச்சிடுங்க. அழுத்தி மிதிச்சுக்கிட்டே மாற்றினால் செயின் கழன்றுவிடலாம்.

வளைவின் உள்விளிம்பில்தான் ஏற்றம் அதிகம். இடது வளைவில் நம்ம லேனுக்குள்ளேயே கொஞ்சம் வெளியே தள்ளி வாங்க. எதிர் லேன் மட்டும் வேண்டாம். இறங்கி வர்ற பஸ் திரும்புவதற்கு முழு ரோடும் எடுத்துக்கும்.

போட்டியாக ஏறுபவர்களுக்கு பிரான்ஸின் ஆல்ப் துவேஸ் புகழ்பெற்ற மலை: 21 வளைவு, 13.8 கிலோமீட்டர், சராசரி 8.1 சதவீத ஏற்றம். 1952-இல் டூர் டி பிரான்ஸ் முதன்முறை அங்கே ஏறியபோது ஜெயித்தவர் ஃபாஸ்டோ கோப்பி. மலையில் வெறும் வாட் போதாது. உடல் எடையில் ஒரு கிலோவுக்கு எத்தனை வாட் என்பதுதான் கணக்கு. ஒல்லியா இருக்கோமேனு கவலைப்படுறவங்க இதைக் கவனிக்க.

கடைசியா ஒன்று. ஏறும்போது சேர்த்த 735 கிலோஜூலும் இறங்கும்போது திரும்பி வரும், பெரும்பகுதி பிரேக்கில் சூடாக. வளைவுக்குள் நுழையும் முன்பே இரண்டு பிரேக்கையும் பிடித்து வேகத்தைக் குறைங்க. நடுநடுவே நிறுத்தி ஆறவிடுங்க. ஹாஸ்டல் ஸ்டாண்டில் தூசி பிடிச்சு நிற்கிற சைக்கிளை எடுத்தால், முதலில் பார்க்க வேண்டியது கியர் இல்லை, பிரேக் கட்டை.