பிழை பாட்டியுடையதா, புட்டியுடையதா?

அமெரிக்காவில் ஒரு முதிய தம்பதியருக்கு ஒரே மருந்து வெவ்வேறு வீரியத்தில் தரப்பட்டிருந்தது. கணவருக்குரிய மாத்திரையை மனைவி தவறுதலாக விழுங்கி உடல் நலிவுற்றார், பின்னர் தேறினார். ‘வயதாகிவிட்டது, கவனம் போதவில்லை’ என்று கூறி இத்தகைய நிகழ்வுகளை மறந்துவிடுவதே வழக்கம். ஆனால், நியூயார்க்கில் வடிவமைப்புக் கலை பயின்றுகொண்டிருந்த அவர்களுடைய பேத்தி டெபோரா அட்லர், பாட்டியைக் குறைகூறாமல் மருந்துப் புட்டியை ஆராயத் தொடங்கினார்.

குறைகள் புலப்பட்டன. வீட்டிலிருந்த புட்டிகள் யாவும் ஒரே தோற்றம் கொண்டிருந்தன. சீட்டில் மருந்தகத்தின் பெயர் பெரிதாகவும், நோயாளிக்கு வேண்டிய குறிப்புகள் பொடி எழுத்திலும் இருந்தன. புட்டி உருளையாக இருந்ததால், முழுவதையும் படிக்க அதைச் சுழற்ற வேண்டியிருந்தது.

அவர் உருவாக்கிய புதிய புட்டிக்குத் தட்டையான முகப்பு இருந்தது. மருந்தின் பெயரும் உட்கொள்ளும் முறையும் அதில் முதலிடம் பெற்றன. எச்சரிக்கைகள் பின்புறம் சென்றன. குடும்பத்தில் ஒவ்வொருவருக்கும் ஒரு நிறம் என, புட்டியின் கழுத்தில் வண்ண வளையம் பொருத்தப்பட்டது. டார்கெட் நிறுவனத்தின் மருந்தகங்கள் 2005இல் இதனை நடைமுறைப்படுத்தின. 2015இல் அம்மருந்தகங்கள் வேறொரு நிறுவனத்திற்கு விற்கப்பட்டபின் பழைய வகைப் புட்டியே திரும்பியது. பழகிய வாடிக்கையாளர் பலர் அதனை எதிர்த்துக் குரல் எழுப்பினர்.

ஒரு பொருளைப் பயன்படுத்துவோரின் கண்ணையும் கையையும் மனத்தையும் முதலில் அறிந்து, அதற்கேற்ப அப்பொருளை அமைப்பதே மனிதரை மையமாகக் கொண்ட வடிவமைப்பு ஆகும். மருத்துவத்தில் இது அழகு சார்ந்த செய்தியன்று. சர்க்கரை நோய் இல்லாத ஒருவர் அந்நோய்க்குரிய சில மாத்திரைகளைத் தவறி உட்கொண்டால், இரத்தச் சர்க்கரை ஆபத்தான அளவுக்குச் சரியக்கூடும்.

படிக்க முடிவதும் புரிந்துகொள்வதும் ஒன்றல்ல. அமெரிக்காவில் 395 நோயாளிகளிடம் நடத்தப்பட்டு 2006இல் வெளிவந்த ஆய்வொன்று இதனை உணர்த்தியது. ‘இரண்டு மாத்திரைகள், நாளொன்றுக்கு இருமுறை’ என்ற குறிப்பை, வாசிப்புத்திறன் குறைந்தவர்களிலும் சுமார் 71 விழுக்காட்டினர் சரியாகச் சொன்னார்கள். ஒரு நாளைக்குரிய மாத்திரைகளை எண்ணிக் காட்டச் சொன்னபோது, நான்கை எடுத்துக் காட்டியவர்கள் அவர்களில் சுமார் 35 விழுக்காட்டினர் மட்டுமே.

நம் நாட்டில் மாத்திரைகள் பெரும்பாலும் அட்டைகளில் கிடைக்கின்றன. எனவே, வீட்டில் நீங்கள் செய்யத்தக்கவை சில:

• ஒவ்வொருவருக்கும் தனிப்பெட்டி வையுங்கள். அதன்மேல் அவரவர் பெயரைப் பெரிதாக எழுதி, ஆளுக்கொரு நிறம் அளியுங்கள்.

• பெயரும் காலாவதித் தேதியும் அச்சிட்ட பகுதி இறுதிவரை எஞ்சுமாறு, அட்டையின் மறுமுனையிலிருந்து மாத்திரைகளை எடுங்கள்.

• சீட்டில் 1-0-1 என்றிருந்தால் காலையில் ஒன்று, மதியம் இல்லை, இரவில் ஒன்று என்று பொருள். உணவுக்கு முன்பா, பின்பா என்பதையும் கேட்டறியுங்கள்.

• மருந்தகத்தை விட்டு நீங்குமுன், எதனை எப்போது உட்கொள்வீர்கள் என்று மாத்திரைகளை எடுத்துக் காட்டியே எங்களிடம் சொல்லுங்கள். இது உங்களுக்கு வைக்கும் தேர்வன்று. நாங்கள் தெளிவாக விளக்கினோமா என்பதற்கான தேர்வு.

மாத்திரை மாறிவிட்டது என அறிந்தால், அறிகுறிகள் தோன்றும்வரை காத்திராதீர்கள். வாந்தி எடுக்க வைக்கவும் முயலாதீர்கள். அந்த அட்டையுடன் உடனே மருத்துவமனைக்கு வாருங்கள். நோயாளியின் மீது சினம் கொள்ள வேண்டா. கண்டிப்புக்கு அஞ்சுவோர் அடுத்த முறை நடந்ததை மறைத்துவிடுவர். அந்தத் தாமதம் உயிருக்கே தீங்காகலாம்.

எங்கள் சீட்டிலோ அறிவிப்புப் பலகையிலோ ஏதேனும் புரியவில்லையெனில், அதனை உங்கள் குறையாகக் கருதாமல் எங்களிடம் தெரிவியுங்கள். உங்களுக்குப் புரியாத ஒன்று, அடுத்து வருபவருக்கும் புரியாமல் போகக்கூடும்.