மலைக்கோட்டையில் கோட்டை எங்கே?



கேள்வி கேட்பதையே முப்பது ஆண்டுகளுக்கு மேல் தொழிலாகக் கொண்டிருந்தவன் நான். என்னைப் பார்த்து மாணவர்கள் கேட்டவற்றுள் பெரும்பாலானவை மறந்துவிட்டன. ஒன்று மட்டும் மறக்கவில்லை.

ஆண்டுதோறும் நவம்பர் 19 முதல் 25 வரை உலக மரபு வாரம் கொண்டாடப்படுகிறது. அவ்வாரத்தில் ஓராண்டு ஏழாம் வகுப்புப் பிள்ளைகளை மலைக்கோட்டைக்கு அழைத்துச் சென்றேன். மகேந்திரவர்மப் பல்லவன் குடைவித்த குகைக் கோயிலைக் காட்டினேன். கங்காதரர் சிற்பத்தைக் காட்டினேன். தாயுமானவரையும் உச்சிப் பிள்ளையாரையும் தரிசித்தோம். உச்சியில் நின்று காவிரியையும் திருவரங்கத்துக் கோபுரங்களையும் பார்த்துக்கொண்டிருந்தபோது ஒரு பையன் என் அருகில் வந்து, “சார், மலை இது, கோட்டை எங்கே?” என்று கேட்டான். நான் காலடியில் இருந்த பாறையைக் காட்டினேன். அவன் பணிவாக, “இது மலை சார்” என்றான். எனக்கு அப்போது விடை தெரியவில்லை. “நேரமாகிறது, இறங்குங்கள்” என்று சொல்லித் தப்பித்துக்கொண்டேன். வரலாறு கற்பிக்கும் ஆசிரியனுக்கு இதைவிடத் தலைகுனிவு வேறு இல்லை.

அப்பையனுக்குச் சொல்லாமல் விட்ட விடையை இன்று உங்களுக்குச் சொல்கிறேன்.

கோட்டை என்பது பாறை மட்டுமன்று. பாறையை நடுவே வைத்து, அதைச் சூழ்ந்திருந்த ஊர் முழுவதையும் வளைத்து நீண்ட சதுரமாக எழுந்திருந்த மதிலே கோட்டை. அது நாயக்க மன்னர் காலத்துக் கட்டுமானம். பதினெட்டாம் நூற்றாண்டுப் போர்களை விரிவாக எழுதிய இராபர்ட் ஓர்ம் என்பவர் அதன் அமைப்பைக் குறித்திருக்கிறார். சுற்றிலும் ஏறத்தாழ 30 அடி அகலமான அகழி. அதற்கு உட்புறம் சுமார் 18 அடி உயரமுள்ள வெளிமதில். சற்றுத் தள்ளி 30 அடி உயரமுள்ள உள்மதில். இடையிடையே வட்டமான கொத்தளங்கள். பத்தொன்பதாம் நூற்றாண்டில் இம்மதில்களை இடித்தார்கள், அகழியைத் தூர்த்தார்கள். எஞ்சி நிற்பவற்றுள் நாம் அறிந்தது மேற்கு வாயிலாகிய மெயின்கார்டு கேட். நகரப் பேருந்தில் நடத்துநர் அப்பெயரைக் கூவக் கேட்டு இறங்குகிறோம். பொருள்களை வாங்கிக்கொண்டு திரும்புகிறோம். அந்த வளைவை அண்ணாந்து பார்ப்பவர் எத்தனை பேர்?

அகழி கிடந்த வழியே இன்று சாலைகள் ஓடுகின்றன. மேலப் புலிவார்டு சாலை, கீழப் புலிவார்டு சாலை என்பன அவற்றின் பெயர்கள். ‘புலிவார்டு’ என்பதைக் கேட்டு, அங்கே ஒரு காலத்தில் புலி இருந்ததோ என்று வினவிய மாணவர்களும் உண்டு. புலிக்கும் அதற்கும் தொடர்பில்லை. ‘பூல்வார்’ என்னும் பிரெஞ்சுச் சொல் ஆங்கிலத்தின் வழியாக வந்து, நம் மக்கள் நாவில் புலியாகிவிட்டது. அச்சொல்லின் மூலப்பொருள் மதில், கொத்தளம் என்பதே. பதினேழாம் நூற்றாண்டில் பாரிஸ் நகரத்துப் பழைய மதில்களை அகற்றி, அவ்விடத்தில் மரங்கள் நிறைந்த அகன்ற சாலைகளை அமைத்தார்கள். மதிலின் பெயர் சாலைக்கு ஆயிற்று. திருச்சியிலும் மதில் போய்ச் சாலை வந்தது; பெயரும் பிரெஞ்சுப் பெயராகவே வந்து ஒட்டிக்கொண்டது. வேடிக்கை என்னவென்றால், இந்த மதிலைக் கடக்க முயன்று தோற்றவர்கள் பிரெஞ்சுக்காரர்கள்தாம்!

அந்தப் போரின் காரணத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 1736இல் அரசி மீனாட்சியிடமிருந்து சந்தா சாகிபு இக்கோட்டையைக் கைப்பற்றினார். 1741இல் மராட்டியர் பிடித்தனர். 1743இல் நிஜாம் பிடித்தார். ஏழே ஆண்டுகளில் மூன்று கை மாறியது. பின்னர் ஆர்க்காட்டு நவாபு பதவிக்குச் சந்தா சாகிபும் முகம்மதலியும் போட்டியிட்டபோது, முன்னவருக்குப் பிரெஞ்சுக்காரரும் பின்னவருக்கு ஆங்கிலேயரும் துணை நின்றனர். முகம்மதலி திருச்சிக் கோட்டைக்குள் புகுந்துகொள்ள, 1751இல் முற்றுகை தொடங்கியது. முற்றுகையிட்டோரின் கவனத்தைத் திருப்பவே கிளைவ் ஆர்க்காட்டைத் தாக்கினான் என்பது உங்கள் பாடப் புத்தகத்திலேயே இருக்கும்.

பாடப் புத்தகத்தில் இல்லாத ஓர் இரவைப் பற்றிச் சற்று நின்று பேச விரும்புகிறேன். 1753, நவம்பர் 27ஆம் நாள் நள்ளிரவு கடந்து, விடியலுக்கு முந்தைய இருள். அப்போது ஆங்கிலப் படையின் பெரும்பகுதி லாரன்ஸ் என்னும் தளபதியுடன் கோவிலடிப் பக்கம் தங்கியிருந்தது. கோட்டைக்குள் காவற்படை மட்டுமே. திருவரங்கத் தீவில் இருந்த பிரெஞ்சுப் படையினர் ஏறத்தாழ 600 பேர், ஏணிகளுடன் ஓசையின்றி வந்து, கோட்டையின் வடமேற்கு மூலைக்கு அருகில் இருந்த டால்டன் பீரங்கி மேடையை ஏறிப் பிடித்தார்கள். அங்கிருந்த காவலர்கள் விழிப்பதற்குள் வீழ்ந்தார்கள். இனி உள்மதில் ஒன்றுதான் பாக்கி. ஒரு துப்பாக்கிகூட வெடிக்கலாகாது என்பதே அவர்களுக்கு இடப்பட்ட கட்டளை. ஆனால் பாதி வெற்றி வந்ததும் மனம் நிலைகொள்ளவில்லை. மேடையில் இருந்த பீரங்கிகளை நகரத்தின் பக்கம் திருப்பி முழக்கினார்கள். தம் மன்னன் வாழ்க என்று ஆரவாரம் செய்தார்கள். ஊர் விழித்துக்கொண்டது. ஹாரிசன் என்னும் இளம் அதிகாரி படையை மதிலுக்கு விரைந்து செலுத்தினார். இருளில் குறி பாராமல் சுட்ட குண்டுகளிலேயே ஏணிகள் பல முறிந்தன. மதில்களுக்கு இடையே அகப்பட்டுக்கொண்டவர்களால் முன்னேறவும் இயலவில்லை, பின்வாங்கவும் இயலவில்லை. பொழுது விடிந்தபோது 300க்கு மேற்பட்டோர் சிறைப்பட்டார்கள்.

நாளைக் கவனியுங்கள். அது கார்த்திகை மாதம். இன்று அதே மாதத்தில் மலை உச்சியில் கொப்பரை நிறைய எண்ணெய் ஊற்றிப் பெருந்திரியிட்டுக் கார்த்திகைத் தீபம் ஏற்றுகிறோம். மரபு வாரமும் அந்நாள்களை ஒட்டியே வருகிறது. தீபத்தைக் காண மாடியில் ஏறி நிற்கும் ஆயிரக்கணக்கானவர்களுள் ஒருவராவது அந்த இருளை நினைப்பதுண்டா? நினைக்கும்படி யாரேனும் சொன்னதுண்டா?

இவ்வாறு போர்க்களமும் விழாக்களமும் ஒன்றாகிய இடங்கள் நம்மைச் சுற்றிப் பல உள்ளன. சித்திரையில் சமயபுரம் மாரியம்மன் தேரைக் காண மக்கள் வெள்ளமாக நடந்து போகிறார்கள். 1752ஆம் ஆண்டு ஏப்ரலில், அதாவது அதே பருவத்தில், கிளைவ் சமயபுரத்தில் பாளையம் இறங்கியிருந்தான். திருவரங்கத்துப் பிரெஞ்சுப் படைக்குப் புதுச்சேரியிலிருந்து உதவி வரும் வழியை அடைப்பது அவன் நோக்கம். ஓரிரவு பிரெஞ்சுப் படைப் பிரிவு ஒன்று அங்கே வந்தது. அதில் ஆங்கிலப் படையை விட்டு ஓடிவந்தவர்களும் இருந்தார்கள். காவலன் அதட்டியபோது அவர்கள் ஆங்கிலத்திலேயே விடை சொல்லிப் பாளையத்துக்குள் நுழைந்துவிட்டார்கள்! கிளைவ் அன்று உயிர் தப்பியது அருமை. ஆயினும் வந்தவர்கள் கோயிலுக்குள் அடைபட்டுப் பணிய நேர்ந்தது.

வழி அடைபட்டதும் திருவரங்கத் தீவே பிரெஞ்சுப் படைக்குச் சிறையாயிற்று. சந்தா சாகிபு தஞ்சைத் தளபதி மானோஜியிடம் சரணடைந்து கொல்லப்பட்டார். ஜூன் மாதம், லா என்னும் பிரெஞ்சுத் தளபதி ஏறத்தாழ 800 ஐரோப்பிய வீரர்களுடன் பணிந்தான். கோயிலின் புறச்சுற்றுக்கள் அப்போது பாசறையாகவே இருந்தன. இன்று நாம் காணும் இராஜகோபுரம் அன்று முற்றுப்பெறாமல் நின்றது. 13 நிலைகளுடன் 236 அடி உயர்ந்து அது முடிவுற்றது 1987இல்தான்.

அந்தச் சரணாகதியில் ஒரு நிகழ்ச்சியை ஓர்ம் எழுதி வைத்திருக்கிறார். கோயிலுக்குள் காவல் இருந்த இராஜபுத்திர வீரர்கள் 1000 பேர், தம் தலைவர்கள் வீழ்ந்த பிறகும் வெளியேற மறுத்தார்களாம். மூன்றாம் மதிலுக்கு உள்ளே எவரேனும் காலடி வைத்தால் வெட்டிப்போடுவோம் என்றார்களாம். வென்றவர்கள் அவர்களுடைய துணிவை மெச்சி, உள்ளே வருவதில்லை என்று உறுதி கூறினார்கள். நான் வியக்கும் வீரம் இது. பீரங்கி மேடையைப் பிடித்தவர்களின் பெயரும், பிடித்ததை மீட்டவரின் பெயரும் நூல்களில் உள்ளன. இந்த ஆயிரவருள் ஒருவர் பெயரையும் நான் எங்கும் கண்டதில்லை.

மார்கழியில் வைகுண்ட ஏகாதசிக்காக அதே சுற்றுக்களில் மக்கள் இரவெல்லாம் காத்திருக்கிறார்கள். பகற்பத்து அர்ச்சுன மண்டபத்தில். இராப்பத்து ஆயிரங்கால் மண்டபத்தில். இராப்பத்தின் எட்டாம் நாள், மணல்வெளியில் வேடுபறி நடைபெறும். நம்பெருமாள் தங்கக் குதிரையில் எழுந்தருள, படைத்தலைவராய் இருந்து வழிப்பறிக்காரரான திருமங்கை மன்னன் அவரையே மறித்துக் கொள்ளையிடும் காட்சி அது. குழந்தைகள் கைகொட்டிச் சிரிப்பார்கள். மெய்யான படைகள் தங்கிப் போன கோயிலில் கொள்ளை ஒரு விளையாட்டாக ஆண்டுதோறும் நடப்பதைப் பார்க்கும்போது எனக்கு மட்டும் சிரிப்போடு வேறொன்றும் தோன்றும்.

படைகளைப் பற்றியே பேசிவிட்டேன். ஊர் மக்கள் என்ன ஆனார்கள்? முதல் முற்றுகை 1752இல் தீர்ந்தும் அமைதி வரவில்லை. திருச்சியைத் தருவதாக முகம்மதலி வாக்களித்து ஏமாற்றியதால் மைசூர் நஞ்சராஜர் பிரெஞ்சுக்காரருடன் சேர்ந்துகொண்டார். போர் மேலும் இரண்டாண்டு நீண்டது. தானியம் வரும் வழிகள் அடைபட்டன. நகர மக்களில் பெரும்பாலோர் பசி பொறாமல் ஊரை விட்டே போய்விட்டனர். புதுக்கோட்டைத் தொண்டைமான் நாட்டிலிருந்து மூட்டைகள் வந்ததால்தான் காவற்படை உயிர் வாழ்ந்தது. அந்த மாட்டு வரிசைகளுக்குக் காவலாக வந்தவர்களுள் ஒருவரே பிற்காலத்தில் 1764இல் மதுரையில் தூக்கிலிடப்பட்ட யூசுப் கான், நீங்கள் மருதநாயகம் என்று அறிந்தவர். விநாயக சதுர்த்தியன்று உச்சிப் பிள்ளையாருக்கும் மாணிக்க விநாயகருக்கும் சேர்த்து 150 கிலோ கொழுக்கட்டை படைக்கிற மலையின் அடிவாரத்தில், அரிசி இல்லாமல் தெருக்கள் வெறிச்சோடிய ஆண்டுகளும் இருந்தன.

ஸ்காட்லாந்தில் எடின்பரோ நகரத்திலும் பாறைமேல் ஒரு கோட்டை உண்டு. அங்கே 1861இல் தொடங்கிய வழக்கப்படி பகல் ஒரு மணிக்குப் பீரங்கி வெடிக்கிறார்கள். 1950 முதல் ஆகஸ்டு மாதத்தில் படைவீரரின் இசையும் அணிவகுப்பும் நடத்தி உலகத்தையே அங்கே வரவழைக்கிறார்கள். நமக்குப் பீரங்கி வேண்டாம் என்பது என் கருத்து. மலைவாசலில் பட்டாசுக்கே காது பொறுப்பதில்லை. மக்களை வரவழைக்கவும் வேண்டியதில்லை. அவர்கள் தாமே பருவந்தோறும் வருகிறார்கள். வந்தவர்களுக்கு நின்ற இடத்தைப் பற்றிச் சொல்ல ஓர் ஆள்தான் வேண்டும். மரபு வாரத்தில் கட்டுரைப் போட்டி வைத்து, படம் எடுத்து, சான்றிதழ் கொடுத்து முடித்துவிடுகிறோம். நானும் பல ஆண்டுகள் அப்படித்தான் முடித்தேன்.

ஓய்வு பெற்ற பிறகு, நவம்பரில் அந்த வாரத்தில் பத்துப் பன்னிரண்டு மாணவர்களுடன் மதில் இருந்த வழியே காலையில் நடக்கிறேன். மெயின்கார்டு கேட்டில் தொடங்கி, மேலப் புலிவார்டு சாலை வழியாகப் போய், கிழக்கே சுற்றித் தெப்பக்குளத்துக்கு வந்து சேர்வோம். சென்ற முறை வந்த பதினோராம் வகுப்பு மாணவி ஒருத்தி, இராஜபுத்திரர் கதையைக் கேட்டுவிட்டு, “அந்த மூன்றாம் மதில் எது ஐயா?” என்றாள். இம்முறை நேரமாகிறது என்று சொல்லித் தப்பிக்க எனக்கு மனம் வரவில்லை. இராப்பத்து தொடங்கியதும் எல்லாரும் திருவரங்கம் போய் மதில்களை எண்ணிப் பார்ப்பது என்று முடிவாகியிருக்கிறது. உள்ளிருந்து எண்ணுவதா, வெளியிலிருந்து எண்ணுவதா என்பதில்தான் எங்களுக்குள் இன்னும் உடன்பாடு ஏற்படவில்லை.