சின்ன அறையில் சினிமா ஒலி

உங்கள் மாமா புதிதாக வீடு கட்டியிருக்கிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். மாடியில் இரண்டு அறைகள் காலியாக இருக்கின்றன. ஒன்று 10 அடி நீளம், 10 அடி அகலம், 10 அடி உயரம். மற்றொன்று 14 அடி நீளம், 11 அடி அகலம்; உயரம் அதே 10 அடி. மாமா உங்களைக் கூப்பிட்டுச் சொல்கிறார்: "இதில் ஓர் அறையை ஹோம் தியேட்டர் ஆக்கப் போகிறேன். பல வருஷமாகச் சேர்த்த பணம். ஒரு தடவைதான் வாங்க முடியும். நீ பிசிக்ஸ் படிக்கிற பிள்ளையாயிற்றே, எதை வாங்கலாம், சொல்!"

நீங்கள் என்ன சொல்வீர்கள்? கடைக்குப் போய் விலைப்பட்டியல் வாங்கி வருவீர்களா? வேண்டாம். முதலில் ஓர் அளவு நாடாவை எடுத்துக்கொண்டு மாடிக்கு ஏறுங்கள். ஏனென்றால், ஒலி கேட்பதற்கான கருவிகளில் முதல் கருவி அந்த அறைதான். அதைத் தெரிந்துகொள்ளாமல் மற்றவற்றை வாங்கினால் பணம் வீணாகும்.

கைதட்டிப் பாருங்கள்

காலி அறையின் நடுவில் நின்று ஒரு முறை பலமாகக் கைதட்டுங்கள். ஓசை உடனே நிற்பதில்லை. 'ஙொய்' என்று சிறிது நேரம் இழுத்துக்கொண்டே போகிறது. சிமெண்டுப் பூச்சுள்ள சுவரும் கல் பதித்த தரையும் தம்மீது படும் ஒலியில் மிகச் சிறு பகுதியையே விழுங்குகின்றன. மீதியைத் திருப்பி அனுப்பிவிடுகின்றன. இப்படி மீண்டும் மீண்டும் எதிரொலித்து ஓசை நீடிப்பதை எதிர்முழக்கம் என்கிறோம்.

இந்தத் தொல்லையை முதலில் அளந்து கணக்கிட்டவர் அமெரிக்காவின் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் இயற்பியல் கற்பித்த வாலஸ் சேபின். அங்கே ஃபாக் கலைக்கூடத்தில் புதிதாகக் கட்டிய விரிவுரை மண்டபத்தில் ஆசிரியர் பேசுவது யாருக்கும் விளங்கவில்லை. ஒரு சொல்லின் ஓசை சுமார் 5.5 வினாடி வரை மண்டபத்தில் சுற்றிக்கொண்டிருந்தது. அதற்குள் ஆசிரியர் அடுத்த வாக்கியத்துக்கே போய்விடுவார்! 1895இல் இதைச் சரிசெய்யும் பொறுப்பு சேபினிடம் வந்தது. பகலில் தெருச் சத்தம் இடையூறாக இருக்குமென்று அவர் இரவில் வேலை செய்தார். பக்கத்து அரங்கிலிருந்து இருக்கை மெத்தைகளைக் கொண்டுவந்து போட்டு, ஓர் ஆர்கன் குழாயை ஊதி, அதன் ஓசை அடங்கும் நேரத்தை அளந்தார். மெத்தைகள் கூடக் கூட நேரம் குறைந்தது. இதிலிருந்துதான் அவருடைய புகழ்பெற்ற சூத்திரம் பிறந்தது:

எதிர்முழக்க நேரம் = 0.161 × அறையின் கன அளவு ÷ அறையின் மொத்த உட்கவர் பரப்பு.

எதிர்முழக்க நேரம் என்பது, ஒலியின் செறிவு பத்து லட்சத்தில் ஒரு பங்காகக் குறைய ஆகும் நேரம். உட்கவர் பரப்பு என்றால் என்ன? ஒரு சதுர மீட்டர் திரைச்சீலை தன்மீது படும் ஒலியில் பாதியை விழுங்கினால், அதன் உட்கவர் பரப்பு அரை சதுர மீட்டர். அவ்வளவுதான்.

மாமாவின் பெரிய அறைக்குக் கணக்குப் போடுவோம். அது ஏறக்குறைய 4.3 மீட்டர் நீளம், 3.3 மீட்டர் அகலம், 3 மீட்டர் உயரம். கன அளவு சுமார் 43 கன மீட்டர். சுவர், தரை, கூரை எல்லாம் சேர்ந்து 74 சதுர மீட்டர். சிமெண்டுப் பூச்சு நூற்றுக்கு மூன்று பங்கு ஒலியை விழுங்குகிறது என்று கொண்டால், உட்கவர் பரப்பு 2.2 சதுர மீட்டர்தான். எதிர்முழக்க நேரம் 3 வினாடிக்கும் மேல்! இந்த அறையில் எவ்வளவு விலையுயர்ந்த ஸ்பீக்கரை வைத்தாலும் வசனம் குழம்பித்தான் கேட்கும்.

இப்போது 12 சதுர மீட்டர் கனத்த திரைச்சீலையைத் தொங்கவிடுங்கள், 6 கூடும். தரையில் பெரிய கம்பளம், இன்னொரு 3. மெத்தை இருக்கையும் அதில் நான்கு பேரும். மேலும் ஒரு 3. மொத்தம் 14 ஆகிவிட்டது. நேரம் அரை வினாடிக்கு இறங்கிவிடும். சிறிய அறைக்கு இது நல்ல அளவு. பார்த்தீர்களா? திரைச்சீலையும் கம்பளமும் செய்த வேலையை எந்த மின்னணுப் பெட்டியும் செய்திருக்காது.

அறைக்கும் ஒரு சுருதி உண்டு

குளியலறையில் பாடும்போது சில சுருதிகள் மட்டும் கணீரென்று எழும்புவதைக் கவனித்திருப்பீர்கள். எதிரெதிர்ச் சுவர்களுக்கு இடையே உள்ள தூரம் ஓர் ஒலியின் அலைநீளத்தில் சரிபாதியாக இருந்தால், போகும் அலையும் திரும்பும் அலையும் சேர்ந்து நிலை அலை உண்டாகிறது. அப்போது அறையே அந்தச் சுருதிக்கு ஒத்ததிர்கிறது.

நம் ஊர் வெப்பநிலையில், அதாவது 30 டிகிரி செல்சியசில், ஒலி வினாடிக்குச் சுமார் 350 மீட்டர் செல்கிறது. சிறிய அறையின் நீளம் 3 மீட்டர். 350ஐ 6ஆல் வகுத்தால் 58 ஹெர்ட்ஸ். அகலமும் 3 மீட்டர்; மறுபடியும் 58. உயரமும் 3 மீட்டர், அதே 58! மூன்று திசைகளும் ஒரே சுருதியில் கூட்டுச் சேர்ந்துவிடுகின்றன. படத்தில் முரசோ இடியோ அந்தச் சுருதியைத் தொட்டால், அறையின் மூலையில் இருப்பவருக்குக் காது அடைக்கும். நடு அறையில் இருப்பவருக்கோ அதே ஒலி மெலிந்துபோகும்.

பெரிய அறைக்கு இதே கணக்கைப் போடுங்கள். நீளத்துக்கு 41, அகலத்துக்கு 53, உயரத்துக்கு 58 ஹெர்ட்ஸ். மூன்றும் மூன்று இடத்தில் பிரிந்து நிற்கின்றன. எனவே மாமாவுக்கு நீங்கள் சொல்லவேண்டிய முதல் யோசனை இதுதான்: பத்துக்குப் பத்து அறையை விட்டுவிடுங்கள். இந்த யோசனைக்கு ஒரு பைசா செலவில்லை!

திரைச்சீலை இந்தத் தாழ்ந்த ஒலிகளையும் விழுங்காதா என்று நீங்கள் கேட்கலாம். விழுங்காது. ஓர் ஒலியை நன்றாக விழுங்க, பொருளின் தடிமன் அலைநீளத்தில் கால் பங்கு அளவுக்காவது இருந்தால் நல்லது. 1000 ஹெர்ட்ஸ் ஒலிக்கு அது சுமார் 9 சென்டிமீட்டர். 58 ஹெர்ட்ஸ் ஒலிக்கோ 1.5 மீட்டர்! ஆகவே தாழ்ந்த ஒலிகளை அடக்க, உட்காரும் இடத்தையும் ஸ்பீக்கர் வைக்கும் இடத்தையும் சரியாகத் தேர்வதே சுலபமான வழி. நிலை அலையின் அழுத்த மாற்றம் சுவரோரத்தில் மிகுதி. நடுவில் மிகக் குறைவு. எனவே பின் சுவரில் ஒட்டியும் உட்காரவேண்டாம். நட்ட நடுவிலும் வேண்டாம். பின் சுவரிலிருந்து நீளத்தில் மூன்றில் ஒரு பங்கு தள்ளி இருக்கையைப் போடச் சொல்லுங்கள்.

தவழ்ந்து ஒரு சோதனை

தாழ்ந்த ஒலிகளுக்கென்று சப்வூஃபர் என்னும் தனிப் பெட்டி வரும். அதை எங்கே வைப்பது? இருக்கை போடப்போகும் இடத்தில் முதலில் அந்தப் பெட்டியை வையுங்கள். தாழ்ந்த சுரங்கள் நிறைந்த ஒரு பாட்டை ஒலிக்கவிடுங்கள். நீங்கள் சுவரோரமாகத் தவழ்ந்து சென்று, எந்த இடத்தில் எல்லாச் சுரங்களும் ஒரே சீராகக் கேட்கின்றன என்று பாருங்கள். அதுவே பெட்டிக்கு உரிய இடம்! ஒலி தரும் இடத்தையும் கேட்கும் இடத்தையும் மாற்றிக்கொண்டாலும் விளைவு ஒன்றே என்பதை ராலே பிரபு 19ஆம் நூற்றாண்டிலேயே நிறுவியிருக்கிறார். அவருடைய தேற்றம்தான் இங்கே உதவுகிறது.

எத்தனை ஸ்பீக்கர் வேண்டும்?

கடைகளில் 5.1 என்று எழுதியிருப்பார்கள். ஐந்து ஸ்பீக்கர்களும் ஒரு சப்வூஃபரும் என்று பொருள். முன்னால் இடம், வலம், நடு என மூன்று. நடு ஸ்பீக்கர் பெரும்பாலும் வசனத்துக்கு. மற்ற இரண்டும் கேட்பவரின் பக்கவாட்டில் சற்றுப் பின்தள்ளி இருக்கும்.

சப்வூஃபர் மட்டும் ஏன் ஒன்று போதும்? 58 ஹெர்ட்ஸ் ஒலியின் அலைநீளம் 6 மீட்டர். நம் தலையின் அகலமோ ஒரு சாணுக்கும் குறைவு. இவ்வளவு நீண்ட அலை இரு காதுகளையும் ஏறக்குறைய ஒரே மாதிரி அடைவதால், அது எந்தப் பக்கத்திலிருந்து வருகிறது என்று சொல்ல நம்மால் முடிவதில்லை.

பணம் குறைவாக இருந்தால்? மலிவான ஆறு பெட்டிகளைவிடத் தரமான இரண்டு ஸ்பீக்கர்களே மேல். இரண்டு ஸ்பீக்கர்களைக் கொண்டே ஒலி வரும் இடத்தைக் காதுக்குக் காட்டலாம் என்பதை இங்கிலாந்துப் பொறியாளர் ஆலன் புளூம்லைன் 1931இலேயே தம் காப்புரிமை விண்ணப்பத்தில் விளக்கினார். இரண்டு ஸ்பீக்கர்களும் உங்கள் தலையும் ஒரு சமபக்க முக்கோணமாக அமையவேண்டும். பக்கம் 2 மீட்டர் இருந்தால் போதும்.

வாட் என்னும் மாயம்

'1000 வாட்' என்று பெரிய எழுத்தில் அச்சிட்ட பெட்டியைக் கண்டு மாமா மயங்கலாம். அதன் பின்புறத்தைத் திருப்பிப் பாருங்கள். அது மின்சாரம் எடுக்கும் அளவு 60 வாட் என்று சிறிய எழுத்தில் இருக்கக்கூடும். 60 வாட் வாங்கும் பெட்டி தொடர்ந்து 1000 வாட் எப்படிக் கொடுக்கும்? ஆற்றல் அழிவின்மை விதி கடைத்தெருவுக்கும் பொருந்தும்! கண்ணிமைக்கும் நேர உச்சத்தைக் காட்டுவதே 'பி.எம்.பி.ஓ.' என்ற கணக்கு. 'ஆர்.எம்.எஸ்.' என்று குறித்திருக்கும் எண்ணையே கேளுங்கள்.

உண்மையில் எவ்வளவு வாட் தேவை? ஸ்பீக்கரின் உணர்திறன் 87 டெசிபல் என்றால், 1 வாட் கொடுத்து 1 மீட்டர் தள்ளி நின்றால் 87 டெசிபல் ஒலி கிடைக்கும் என்று பொருள். தூரம் இரட்டித்தால் 6 டெசிபல் குறையும். 2 மீட்டரில் 81. ஒரே ஒரு வாட்டில் இவ்வளவு! 10 வாட் கொடுத்தால் 91, 100 வாட்டுக்கு 101. வாட்டை இரட்டித்தால் கூடுவது 3 டெசிபல் மட்டுமே. ஆகவே உணர்திறன் 90 டெசிபல் உள்ள ஸ்பீக்கர் கிடைத்தால், பாதி வாட்டிலேயே அதே ஒலியைப் பெறலாம். சிறிய அறைக்கு ஒவ்வொரு ஸ்பீக்கருக்கும் உண்மையான 50 வாட்டே தாராளம். அதுவும் குண்டு வெடிக்கும் ஒரு நொடிக்குத்தான் தேவைப்படும்.

மாற்ற முடியாத கருவி

எல்லாக் கருவிகளையும் வேண்டுமானால் பிறகு மாற்றிக்கொள்ளலாம். ஒன்றை மட்டும் மாற்ற முடியாது. அது காது. ஒவ்வொரு காதிலும் ஒலியை உணரும் மயிர்ச் செல்கள் சுமார் 15,000தான். அவை அழிந்தால் மனிதனுக்கு மறுபடி முளைப்பதில்லை. 80 டெசிபல் ஒலியை வாரத்துக்கு 40 மணி நேரத்துக்கு மேல் கேட்கவேண்டாம் என்கிறது உலக சுகாதார நிறுவனம். ஒவ்வொரு 3 டெசிபல் கூடும்போதும் இந்த நேரம் பாதியாகும். 83க்கு 20 மணி, 86க்கு 10, 89க்கு 5 மணி நேரம்தான். சிறிய அறையில் ஸ்பீக்கர் பக்கத்திலேயே இருப்பதால் இந்த எல்லையைத் தாண்டுவது மிகச் சுலபம். படம் முடிந்ததும் காதுக்குள் 'கொய்ங்' என்று இரைந்தால், அளவு மீறிவிட்டது என்று காது சொல்கிறது. அதற்குச் செவிசாயுங்கள்.

மாமாவுக்கு இப்போது பதில் சொல்லலாம் அல்லவா? முதலில் அறை, அடுத்து திரைச்சீலையும் கம்பளமும், பிறகு இருக்கையின் இடம், அதன்பின் நல்ல ஸ்பீக்கர், கடைசியில்தான் வாட். கடைக்காரர் இதைத் தலைகீழாகச் சொல்லக்கூடும். உங்கள் கையில் அளவு நாடாவும் ஒரு துண்டுக் காகிதத்தில் கணக்கும் இருக்கட்டும்.