வெறுங்கால் சிறுவனின் படக்கதை

படக்கதை என்றால் சிறுவருக்கான வெறும் பொழுதுபோக்கு என்றே நம்மில் பலர் எண்ணி வந்திருக்கிறோம். பாடப்புத்தகத்திற்குள் மறைத்துப் படித்த பிள்ளையின் கையிலிருந்து அதனைப் பிடுங்கி வைத்த பெற்றோரும் நம்மிடையே உண்டு. பிடுங்க வேண்டிய நூலா, நாமே வாங்கிக் கொடுக்க வேண்டிய நூலா என்று ஜப்பான் நாட்டவர் நெடுநாள் வாதிட்ட படக்கதை ஒன்று இருக்கிறது. ஓவியர் கெய்ஜி நகசாவாவின் 'வெறுங்கால் கென்' என்பதே அது.

நகசாவா 1939-ஆம் ஆண்டு ஹிரோஷிமாவில் பிறந்தார். தந்தையும் ஓவியரே, போரை எதிர்த்தமையால் சிறைவாசம் கண்டவர். 1945 ஆகஸ்டு 6-ஆம் நாள் காலை 8.15 மணிக்கு அணுகுண்டு வெடித்தபோது, ஆறு வயதுச் சிறுவனான நகசாவா பள்ளி வாயிலில் நின்றிருந்தார். வகுப்புத் தோழன் ஒருவனின் தாய் ஏதோ வினவ, விடை கூறுவதற்காக நின்ற இடம் அது. பள்ளியின் மதிற்சுவர் அவரை மறைத்துக் காத்தது. வினவிய பெண்ணோ கருகி மாண்டார். வீட்டில் தந்தையும் தமக்கையும் தம்பியும் இடிபாட்டில் சிக்கி நெருப்பிற்கு இரையாயினர். கர்ப்பிணியான தாய் அன்றே ஒரு பெண்மகவை ஈன்றார். அக்குழந்தை சில மாதங்களே உயிர் வாழ்ந்தது.

வறுமையில் வளர்ந்த நகசாவா விளம்பரப் பலகை எழுதும் தொழில் கற்று, 1961-இல் படக்கதை ஓவியராகும் ஆசையோடு டோக்கியோ சென்றார். அணுகுண்டுக்குத் தப்பியவர்களை மக்கள் ஒதுக்கிய காலம் அது. எனவே ஹிரோஷிமாவைப் பற்றி வாய் திறவாமல் வேறு கதைகளையே வரைந்து வந்தார்.

1966-இல் தாய் இறந்தார். தகனம் முடிந்ததும் உறவினர் எலும்புகளைப் பொறுக்கிக் கலசத்தில் இடுவது ஜப்பானியர் வழக்கம். ஆனால் அந்தத் தாயின் எலும்புகள் உருவோடு கிடைக்கவில்லை, வெண்சாம்பலே எஞ்சியிருந்தது. அணுக்கதிர் தன் தாயின் எலும்பையும் விட்டு வைக்கவில்லை என்று மகன் கொதித்தார். இனி மௌனம் இல்லை என்று உறுதி பூண்டார். அந்தச் சினத்தில் பிறந்த முதற் கதையைப் பெரிய பதிப்பகங்கள் ஏற்கவில்லை. அது 1968-இல்தான் அச்சேறியது. 1972-இல் தன் வரலாற்றைச் சிறு படக்கதையாக வெளியிட்டார். அதைக் கண்ட பத்திரிகை ஆசிரியர் ஊக்கமளிக்கவே, 1973-இல் சிறுவர் வார இதழில் 'கென்' தொடங்கிற்று. பின்னர் வேறு இதழ்களுக்கு மாறி, பத்துத் தொகுதிகளாக நிறைவுற்றது.

ஓவியத்தில் நளினம் மிகுதி என்று சொல்வதற்கில்லை. வட்ட முகம், பெரிய கண்கள், குட்டிக் கரணம் போடும் பையன்கள் என எந்தச் சிறுவர் இதழிலும் காணும் கோடுகளே. அவற்றோடு சிரித்துப் பழகிய பின்னரே, தோல் உரிந்து தொங்க நடந்து வரும் மனிதர்களை அதே கோடுகளில் காண்கிறோம். கட்டத்திற்குக் கட்டம் கதிரவன் மீண்டும் மீண்டும் தோன்றுகிறது. காலம் நகர்வதை அதுவே காட்டுகிறது. மிதிக்க மிதிக்க உரம் பெறும் கோதுமைப் பயிரைப் போல இருங்கள் என்று தந்தை பிள்ளைகளுக்குக் கூறும் காட்சி கதையின் தொடக்கத்திலேயே வருகிறது.

எரியும் வீட்டின் முன் கென் தாயோடு நின்று கதறும் பக்கங்களைக் கடப்பது எளிதன்று. உண்மையில் நகசாவா அப்போது அங்கே இல்லை. பின்னர் தாய் சொல்லக் கேட்டதே அனைத்தும். தாய் தனியாகச் சுமந்த காட்சிக்குள், வளர்ந்த மகன் தன்னைக் கொண்டுபோய் நிறுத்தியிருக்கிறார்.

கண்டதைக் குறைத்தே வரைந்ததாக அவர் கூறியுள்ளார். அப்படியிருந்தும் எதிர்ப்பு எழுந்தது. 2012 டிசம்பரில், அவர் புற்றுநோயால் மறைந்த அதே மாதம், மாட்சுவே நகரக் கல்வி வாரியம் பள்ளி நூலகங்களில் இந்நூலைப் பிள்ளைகள் தாமாக எடுக்க இயலாதபடி உள்ளே வைக்கச் சொன்னது. குண்டின் கொடுமையைக் காட்டியதற்காக அன்று. ஜப்பானியப் படைவீரர் பிற நாட்டவர்க்கு இழைத்த கொடுமைகளையும் அவர் மறைக்காமல் வரைந்திருந்தார். மக்கள் கண்டனத்தால் 2013 ஆகஸ்டில் அக்கட்டுப்பாடு விலக்கப்பட்டது.

2023-இல் ஹிரோஷிமா நகரமே தன் பள்ளிகளின் அமைதிப் பாடத்திலிருந்து கென்னை நீக்கிற்று. பசியால் வாடும் கர்ப்பிணித் தாய்க்காகச் சிறுவன் பிறர் குளத்து மீனைத் திருடும் காட்சியைப் பிள்ளைகள் தவறாகப் புரிந்துகொள்ளக்கூடும் என்ற அச்சம் அதற்கு ஒரு காரணம். பிள்ளையை அருகில் இருத்தி அப்பக்கத்தைப் படிக்கும் எந்தத் தாய்க்கும் அதை விளக்குவது கடினமாயிராது என்றே நமக்குத் தோன்றுகிறது.