மோட்டார் வண்டியில் புதிய ஒலிக்கருவியும் பழைய விரியலாக்கியும்

ஒரு பொறியின் உறுப்புகளுள் ஒன்றை மாத்திரம் நீக்கி அதனிடத்தில் வேறொன்றைப் பொருத்துங்கால், எஞ்சிய உறுப்புகள் அப்புதியதை ஏற்குமோ என்னும் வினா எழுதல் இயல்பு. மோட்டார் வண்டியின் ஒலியமைப்புப் பற்றி இவ்வினா இலங்கையிற் பலருக்கும் எழுகின்றது. இந்நாட்டில் ஓடும் வண்டிகளுட் பல, யப்பானிற் சில காலம் பாவிக்கப்பட்டபின் இறக்குமதி செய்யப்பட்டவை. அவற்றிலுள்ள வானொலி அந்நாட்டு ஒலிபரப்புக்கென அமைந்தது. அங்கே பண்பலை ஒலிபரப்பு நெடுங்காலமாக 76 தொடக்கம் 90 மெகாஹேட்ஸ் வரையில் நிகழ்ந்து வந்தது. பழைய முறைத் தொலைக்காட்சி 2011–2012இல் நிறுத்தப்பட்டபின் மேலெல்லை 95 வரை நீட்டப்பட்டது. இலங்கை நிலையங்களுக்குரிய வரிசையோ 87.5 தொடக்கம் 108 மெகாஹேட்ஸ் வரையாகும். ஆதலின் இங்குள்ள நிலையங்களுட் பல அவ்வானொலிக்கு எட்டுவதில்லை.

வருகின்ற அலையின் மீடிறனிலிருந்து ஒரு குறித்த தொகையைக் கழித்துக் கொடுக்கும் சிறு கருவியொன்றை வானலைக் கம்பியில் இடையிட்டு இக்குறையை ஓரளவு நீக்கலாம். ஆயினும் 14 மெகாஹேட்ஸ் அகலமுள்ள சாளரத்தினூடாக 20.5 மெகாஹேட்ஸ் அகலமுள்ள வரிசை முழுவதையும் ஒருங்கே காண்டல் இயலாது. திரையில் தோன்றும் எண்ணும் நிலையத்தின் உண்மை எண்ணன்று. எழுத்துகளோ யப்பானிய மொழியில் அமைந்தவை. இக்காரணங்களால் வண்டியுரிமையாளர் முன்பலகையிலுள்ள கருவியை அகற்றிப் புதியதொன்றை வாங்க விழைகின்றனர். வண்டியுடன் வந்த விரியலாக்கியும் ஒலிபெருக்கிகளும் நல்ல நிலையில் இருப்பின் அவற்றையும் வீசிவிடல் வேண்டுமோ? வேண்டியதில்லை. ஆனால் அவற்றின் தன்மையை அளந்தறியாது புதிய கருவியைத் தொடுத்தலும் கூடாது.

விரியலாக்கி தனித்துப் பிரிந்த வரலாறு

சிக்காகோ நகரிற் போல் கல்வின் என்பாரின் நிறுவனம் 1930இல் ‘மோட்டரோலா’ என்னும் பெயருடன் வண்டி வானொலியை விற்பனைக்குக் கொணர்ந்தது. அக்காலக் கருவிகள் வால்வுகளால் இயங்கின. 1955இல் முழுவதும் திரான்சிற்றரால் இயங்கும் வண்டி வானொலியைக் கிரைசிலர், பில்கோ நிறுவனங்கள் அறிமுகஞ் செய்தன. கருவி சிறிதாயிற்று, வெப்பமுங் குறைந்தது. இக்கருவிகளில் அலையைத் தெரிதலும், பெற்ற சைகையைப் பெருக்கி ஒலிபெருக்கியை இயக்குதலும் பொதுவாக ஒரே கருவியின் தொழிலாயிருந்தன.

ஜெனரல் மோட்டர்ஸ் நிறுவனம் போஸ் நிறுவனத்துடன் இணைந்து 1983ஆம் ஆண்டு மாதிரி வண்டிகள் சிலவற்றில் வேறொரு முறையைக் கையாண்டது. ஒலிபெருக்கிகளுக்கெனத் தனி விரியலாக்கிகள் அமைக்கப்பட்டன. வண்டியினுள் ஒலி எங்ஙனம் தெறிக்கின்றது, எங்ஙனம் உறிஞ்சப்படுகின்றது என்பவற்றிற்கேற்ப அவற்றின் துலங்கல் திருத்தப்பட்டது. பின்னர் இம்முறை பரவிற்று. மஸ்டா, நிசான் வண்டிகள் சிலவற்றிற் போஸ் என்றும், ரொயோட்டா வண்டிகள் சிலவற்றில் ஜே.பி.எல். என்றும் ஒலிபெருக்கி மூடியிற் காணப்படும் பெயர்கள், உள்ளே தனி விரியலாக்கி இருக்கக்கூடும் என்பதற்கு அறிகுறியாகும்.

பெயரைக் காட்டிலும் உறுதியான சான்று பல்மானி தருவது. பழைய கருவியைக் கழற்றி, அதன் செருகியில் ஒலிபெருக்கிக்குரியதெனக் கருதப்படும் இரு கம்பிகளுக்கிடையே தடையை அளத்தல் வேண்டும். மூன்று நான்கு ஓம் காட்டின், அக்கம்பிகள் நேரே ஒலிபெருக்கிக்குச் செல்கின்றன எனக் கொள்ளலாம். அவ்வண்டியிற் கருவி மாற்றம் எளிது. ஆயிரக்கணக்கான ஓம் காட்டின், அவை விரியலாக்கியின் வாயிலுக்குச் செல்கின்றன எனக் கருதுதல் தகும்.

பொருந்தவேண்டியவை மூன்று

முதலாவது, சைகையின் அளவு. புதிய கருவிகளிற் பெரும்பாலும் இருவகை வெளியீடுகள் உள. ஒன்று ஒலிபெருக்கியை நேரே இயக்குதற்குரியது. அதன் அழுத்தம் ஏறத்தாழ 10 வோல்ற்று வரை உயரும். மற்றையது வேறொரு விரியலாக்கிக்குக் கொடுத்தற்குரியது. அதன் உச்சம் பொதுவாக 2 அல்லது 4 வோல்ற்று. வண்டியின் விரியலாக்கி சிறு சைகையை எதிர்பார்ப்பதாயின், அதற்கு முதலாவது வெளியீட்டைக் கொடுத்தல் பெருக்கியதை மீண்டும் பெருக்குதலாகும். ஒலியளவைச் சிறிது திருப்பியவுடனே பேரொலி எழும், ஒலி திரிபடையும், பாடல் இல்லாத வேளையிலும் இரைச்சல் கேட்கும். எனவே இரண்டாவது வெளியீட்டைப் பயன்படுத்துதல் நன்று. அஃது இல்லையெனின், தடையிகளாலாய அளவு குறைப்பானை இடையிடல் வேண்டும்.

இரண்டாவது, தொடுக்கும் முறை. ஒலிபெருக்கிக்குரிய வெளியீட்டில் இரு கம்பிகளும் வழங்கலழுத்தத்தின் அரைப்பங்கில் நிற்கின்றன. ஒன்று ஏறும்போது மற்றையது இறங்கும். எதிர்க்கம்பி என வழங்கப்படுவதும் உண்மையிற் புவித்தொடுப்பு அன்று. அதனை வண்டியின் உலோக உடலுடன் இணைப்பின் கருவி பழுதடைதல் கூடும். சிறு சைகைக்குரிய வெளியீட்டிலோ வெளிவலை புவித்தொடுப்புடன் இணைந்திருக்கும். வண்டியின் விரியலாக்கிகள் பல, இரு கம்பிகளுக்கிடையேயுள்ள வித்தியாசத்தை மாத்திரம் ஏற்பன. இவ்விரண்டையும் ஆராயாது இணைக்கும்போது, எஞ்சினின் வேகத்துடன் ஏறியிறங்கும் ஊளையொலி சில வண்டிகளிற் கேட்கின்றது. வண்டியின் உலோக உடலிற் பேரோட்டம் பாய்வதால் அதன் ஈரிடங்களுக்கிடையே சிறு அழுத்த வித்தியாசம் உண்டாகும். மின்பிறப்பாக்கியின் துடிப்புகள் அவ்வழியே சைகையுடன் கலக்கின்றன. இருபுறத்தையும் உலோகத் தொடர்பின்றி இணைக்கும் சிறு நிலைமாற்றி இதற்குப் பரிகாரமாகும்.

மூன்றாவது, சுமை. ஆடலோட்டத்துக்கு ஒலிபெருக்கிச் சுருள் காட்டும் எதிர்ப்புத் தடங்கல் எனப்படும். புதிய கருவிகள் பெரும்பாலும் 4 ஓமுக்குக் குறையாத தடங்கலை வேண்டுவன. தனி விரியலாக்கியுள்ள வண்டிகளில் 2 ஓமும் அதனிற் குறைந்ததுமான ஒலிபெருக்கிகள் உண்டு. விரியலாக்கியை விலக்கி, அவ்வொலிபெருக்கிகளைப் புதிய கருவியுடன் நேரே இணைப்பின் நிகழ்வதை ஓமின் விதி காட்டும். 14.4 வோல்ற்று உச்ச அழுத்தத்தில் 4 ஓமினூடாக 3.6 அம்பியர் பாயும். 2 ஓமினூடாக 7.2 அம்பியர் பாயும். இரட்டித்த ஓட்டம் கருவியைச் சூடேற்றும். அன்றியும், அவ்வொலிபெருக்கிகளின் குறைகளை ஈடுசெய்யும் திருத்தம் பழைய விரியலாக்கியினுள்ளேயே இருப்பதால், அதை விலக்கியபின் ஒலியின் இனிமையுங் கெடும்.

இம்மூன்றும் பொருந்தியபின்னும் ஒலி எழாதிருத்தல் உண்டு. விரியலாக்கியை விழிப்பிக்கும் 12 வோல்ற்றுச் சைகை அதற்குச் செல்லாமையே அதன் காரணமாதல் பெரும்பான்மை. புதிய கருவிகளில் நீலமும் வெள்ளையும் கலந்த கம்பி இத்தொழிலுக்கு உரியது.

வாற்று எண்ணின் உண்மை

புதிய கருவியின் பெட்டியில் ‘50 வாற்று × 4’ என அச்சிடப்பட்டிருத்தலைக் கண்டு, பழைய விரியலாக்கி இனி வேண்டியதில்லை எனக் கருதுவோர் உளர். 14.4 வோல்ற்றை 4 ஓமில் முழுமையாகப் பிரயோகித்தால் வலு 14.4 × 14.4 ÷ 4, அஃதாவது 51.84 வாற்று. இது சதுர அலைக்கே பொருந்தும் கணக்கு. இசை சதுர அலையன்று. சைன் அலைக்கு வலு அதன் அரைப்பங்கான 25.92 வாற்று. கருவியின் உள்ளே இழக்கப்படும் அழுத்தத்தையுங் கழிப்பின், திரிபின்றிக் கிடைப்பது 20 வாற்றை அண்மியதாகும். எனவே பெட்டியிலுள்ள எண் பொய்யன்று எனினும், வாங்குபவர் எண்ணும் பொருளை உடையதன்று.

செய்முறையிற் கவனிக்கவேண்டியவை

முதற்கண் பற்றரியின் எதிர்முனைவைக் கழற்றி, வண்டிக் கைந்நூலிற் கூறிய நேரம் வரை பொறுத்திருத்தல் வேண்டும். விபத்தில் விரியும் காற்றுப் பைகளுக்குரிய செருகிகள் பெரும்பாலும் மஞ்சள் நிறமானவை. அவற்றைத் தொடுதலும் பல்மானியால் அளத்தலும் ஆகா. புதிய கருவியிலும் ஒரு மஞ்சட்கம்பி உண்டு. அது பற்றரியிலிருந்து இடையறாது மின்பெறும் கம்பி. சிவப்பு ஆளி வழியே மின்பெறுவது, கறுப்புப் புவித்தொடுப்பு. மஞ்சளும் சிவப்பும் இடம் மாறின், வண்டி நிறுத்தப்படுந்தோறும் கருவி தன் நினைவை இழக்கும்.

வண்டியின் செருகியை வெட்டுதல் தகாது. அதற்கேற்ற இடையிணைப்புக் கம்பித் தொகுதியைப் பாவித்தால், பின்னொரு காலத்திற் பழைய கருவியையே மீளப் பொருத்தல் கூடும். முன்பலகையின் பின்புற வெப்பத்தில் ஒட்டுநாடாவின் பசை இளகிவிடுமாதலின், மூட்டுகளை நெரித்தோ பற்றாசிட்டோ இணைத்துச் சுருங்குகுழாயால் மூடுதல் வேண்டும். உருகி எரியின், காரணத்தைக் காணாது பெரிய உருகியை இடுதல் தீவிபத்துக்கு வழிகோலும். அளவையும் நோக்கல் வேண்டும்: இரட்டைக் கருவியின் முகப்புப் பொதுவாக 180 மில்லிமீற்றர் அகலமும் 100 மில்லிமீற்றர் உயரமும் உடையது, ரொயோட்டாவின் அகன்ற வகை 200 மில்லிமீற்றர் அகலமுடையது.

எல்லா வண்டிகளிலும் இம்மாற்றம் இயலும் எனக் கூறலும் பொருந்தாது. 2001இல் வெளிவந்த பி.எம்.டபிள்யூ. ஏழாந் தொடர் வண்டியில் ஒலிச் சைகைகள் ஒளியியல் நாரினூடாக எண் வடிவிற் சென்றன. அத்தகைய வண்டிகளில் அவ்வெண்களைப் புரிந்து மாற்றித்தரும் இடைக்கருவி இன்றிப் புதிய கருவியும் பழைய விரியலாக்கியும் ஒன்றோடொன்று பேசா.

ஓமின் விதியை வகுப்பறையிற் கற்ற மாணவன் அதனை வினாத்தாளோடு விட்டுவிடுதல் வழக்கம். அவ்விதியே, பல்மானியொன்றின் துணையுடன், ஒரு குடும்பத்தின் பணத்தை வீண்செலவினின்றும் வண்டியைத் தீயினின்றுங் காக்க வல்லது. புதிய கருவியைத் தெரிதற்கு முன் பழைய விரியலாக்கி எதை வேண்டுகின்றது என்பதை அளந்தறிதல் வேண்டும். அளந்தபின் வாங்குதலே முறை.