சட்டைப்பையில் ஒரு வெள்ளி ரூபாய்

நான் கல்லூரியில் சேர்ந்த அன்று அப்பத்தா முந்தானை முடிச்சை அவிழ்த்து இரண்டு வெள்ளி ரூபாய்களை நீட்டினார்கள். "ஒண்ணை எடுத்துக்கய்யா, எப்பவும் பையில இருக்கட்டும்" என்றார்கள். ஒன்று 1918-ஆம் ஆண்டினது, மற்றது 1944. எதைத் தேர்ந்தெடுப்பது?

அச்சிட்டபோது இரண்டும் 11.66 கிராம்தான். ஆனால், 1939 வரை ரூபாயில் பன்னிரண்டில் பதினொரு பங்கு வெள்ளி, ஒரு பங்கு செம்பு. தூய வெள்ளி மென்மையானது. செம்பு சேர்ந்தால்தான் உறுதி பெறும். 1940 முதல் வெள்ளி பாதியாகக் குறைக்கப்பட்டது.

அமிலச் சோதனை காசைக் கெடுத்துவிடும். ஆகவே இயற்பியல் ஆய்வகத்தில் நீரில் அமிழ்த்தி ஒப்படர்த்தி கண்டேன். பழையது சுமார் 10.3, மற்றது 9.5.

பையில் வைத்த காசு கறுக்கலாம். கந்தகச் சேர்மங்கள் பட்டு வெள்ளி சல்பைடு உண்டாவதே காரணம், அஞ்ச வேண்டியதில்லை. புதுக்கருக்கு மாறாத காசைச் சேகரிப்போர் விரும்புவர். அதைப் பையில் போட்டுத் தேய்ப்பது நட்டம். ஏற்கெனவே தேய்ந்ததே பைக்கு ஏற்றது.

மன்னர் முகம் மழுங்கிய 1918-ஐயே எடுத்தேன். தேய்ந்த காசுக்கு எடை குறையும், அடர்த்தி குறையாது. எங்கள் வீட்டில் முதன்முதலாகக் கல்லூரி வாசலை மிதித்தவன் நான். பையைத் தொடும்போதெல்லாம் அப்பத்தாவின் காய்த்துப்போன கைகள் நினைவுக்கு வருகின்றன.