அசையாததும் வலிக்காததும்

நான் கால்நடை மருத்துவம் படித்த காலத்தில் ஊர்வனவற்றுக்கென்று தனிப் பாடம் கிடையாது. மாடு, எருமை, ஆடு, நாய், கோழி. அதோடு படிப்பு முடிந்துவிடும். யாராவது பாம்பையோ ஆமையையோ தூக்கி வந்தால், மூத்தவர்கள் செய்வதைப் பக்கத்தில் நின்று பார்த்துக் கற்றுக்கொள்வோம். அப்படி நான் முதலில் பார்த்தது ஒரு மலைப்பாம்பு. வயலில் அரிவாள் பட்டு, விலாப்புறம் ஒரு சாண் நீளத்துக்குப் பிளந்திருந்தது. சாக்கோடு அதைத் தெர்மாகோல் பெட்டிக்குள் வைத்து, சுற்றிலும் ஐஸ் கட்டிகளை அடுக்கி மூடினார்கள். முக்கால் மணி நேரம் கழித்து வெளியே எடுத்தபோது நனைந்த தாம்புக்கயிறுபோலக் கிடந்தது. பதினெட்டுத் தையல். ஒரு தையலுக்குக்கூட அது அசையவில்லை. "எவ்வளவு சமர்த்தா இருக்கு பாருங்க" என்றார் தையல் போட்டவர். எனக்கும் அது சமர்த்தாகத்தான் தெரிந்தது.

அவரைக் குறை சொல்ல முடியாது. குளிரவைத்து அறுப்பது அன்று பல நாடுகளில் இருந்த வழக்கம். ஊர்வனவற்றின் உடல் சுற்றுப்புறத்தின் சூட்டையே தன் சூடாகக் கொள்கிறது. சூடு இறங்கினால் தசை தளரும், இதயம் மெதுவாகத் துடிக்கும், கையில் எடுத்தால் உயிரே இல்லாததுபோல இருக்கும். ஆனால் தசை முடங்கினால் வலியும் போய்விட்டது என்று பொருளில்லை. குளிர்ந்த உடலில் நோய் எதிர்ப்பு குறைகிறது, புண் ஆறவும் நாளாகிறது. இன்றைய மருத்துவ நூல்கள் ஐஸ் பெட்டியை மனிதத்தன்மையற்ற முறை என்று வெளிப்படையாகவே விலக்கிவிட்டன.

முதலைகளின் கதை இன்னும் துயரமானது. 1970களில் ஆப்பிரிக்காவின் நைல் முதலைகளை அடக்க கேலமின் என்ற மருந்தை ஊசியில் ஏற்றினார்கள். நரம்பிலிருந்து தசைக்குப் போகும் கட்டளையை அது தடுத்துவிடும். தாடை தொங்கும், கால்கள் துவளும். கண் பார்க்கும், காது கேட்கும், தோல் உணரும். வேலை முடிந்ததும் நியோஸ்டிக்மின் கொடுத்தால் முதலை பழையபடி எழுந்துவிடும். ஓரிடத்திலிருந்து இன்னோர் இடத்துக்குக் கொண்டுபோக அது உதவியான மருந்துதான். ஆனால் அந்த நிலையில் ஒரு முதலையின் மேல் கத்தி வைத்தால், அது அத்தனையையும் உணர்ந்தபடி கிடந்திருக்கும். வெளியில் நிற்பவருக்கு எதுவும் தெரிந்திருக்காது.

மரத்துப்போகச் செய்யும் மருந்து அப்போது இல்லாமலில்லை. 1884இல் வியன்னாவில் கார்ல் கோலர் கொக்கெயின் கரைசலை முதலில் ஒரு தவளையின் கண்ணில்தான் விட்டுப் பார்த்தார். கண்ணைத் தொட்டபோது தவளை விலகவில்லை. பிறகு முயல், நாய், கடைசியில் தன்னுடைய கண். 1943இல் சுவீடனில் நில்ஸ் லோஃப்கிரென் லிடோகெயினை உருவாக்கினார். 1948இல் அது விற்பனைக்கு வந்தது. நம் ஊரில் அதற்கு லிக்னோகெயின் என்று பெயர். நான் மலைப்பாம்பைப் பார்த்த அன்றும் அதன் குப்பி அலமாரியில் இருந்தது. மாட்டுக் கொம்பை அறுக்கும்போது அதைத் தாராளமாகப் போடுவோம். பாம்புக்குப் போடலாம் என்று அந்த அறையில் இருந்த எவருக்கும் தோன்றவில்லை. இத்தனை வருடங்களுக்குப் பிறகும் அது என்னை உறுத்துகிறது.

இன்று அதே குப்பிக்கு ஊர்வன மருத்துவத்தில் தனி மரியாதை. முழு மயக்கம் இந்த உயிர்களுக்கு எளிதல்ல என்பது ஒரு காரணம். ஐசோஃப்ளுரேன் வாயுவை முகமூடியில் கொடுத்தால் ஆமை மூச்சை அடக்கிக்கொண்டு காத்திருக்கும். அதற்கு அவசரமே கிடையாது. ஆமை, பாம்பு, பல்லி ஆகியவற்றின் இதயத்தில் அறைகள் முழுதாகப் பிரிந்திருப்பதில்லை. அதனால் இரத்தம் நுரையீரலைத் தொடாமலே சுற்றி வரவும் முடியும். வாயு எப்போது, எவ்வளவு ஏறும் என்று கணிப்பது கடினம். வலி மருந்துகளிலும் நம்பியதெல்லாம் நிலைக்கவில்லை. வெகுகாலம் பியூட்டார்ஃபனால் கொடுத்துவந்தோம். 2007இல் வெளிவந்த ஓர் ஆய்வு, சிவப்புக் காது ஆமைகளில் அது வலியைத் தணிக்கவில்லை என்று காட்டியது. மார்ஃபின் தணித்தது, ஆனால் மூச்சையும் வெகுவாகக் குறைத்தது. அளவு மீறாத வரை லிக்னோகெயின் மூச்சை அப்படித் தொடுவதில்லை. போட்ட இடத்தில் நரம்பை அடைக்கும், நேரமானால் விலகிக்கொள்ளும்.

முதலைக்கும் காலம் மாறியது. 2006இல் அமெரிக்க ஆய்வாளர்கள் மெல்லிய மின்னோட்டம் பாய்ச்சும் கருவியால் முதலையின் கீழ்த்தாடை நரம்பைத் தேடினார்கள். தசை துடிக்கும் இடமே நரம்பு ஓடும் இடம். அங்கே மருந்தைச் செலுத்தினார்கள். உடல் முழுவதையும் முடக்கி வலியை மட்டும் விட்டுவைத்த காலத்துக்கும், ஒரேயொரு நரம்பைத் தேடிப் பிடித்து அடைக்கும் காலத்துக்கும் இடையே முப்பத்து சொச்சம் ஆண்டுகள்.

என் மனதுக்கு நெருக்கமான செய்தி காலபாகஸ் தீவுகளிலிருந்து வந்தது. அங்கே பின்டா தீவில் 1959இல் மீனவர்கள் மூன்று ஆடுகளை இறக்கிவிட, அவை பெருகிப் பல்லாயிரமாகித் தீவையே மேய்ந்துவிட்டன. அந்தத் தீவின் ஆமை இனத்தில் 1971இல் கண்டெடுத்த 'தனிமை ஜார்ஜ்' ஒன்றுதான் மிஞ்சியது. அதுவும் 2012இல் இறந்தது. ஆடுகளை ஒழித்த பிறகு, செடிகொடிகளைச் சீர்படுத்த ஆமைகள் தேவைப்பட்டன. கலப்பினத்தில் பிறந்து ஆய்வு நிலையத்தில் வளர்ந்த ஆமைகள் இருந்தன, ஆனால் அவை குஞ்சு பொரிக்கக் கூடாது. ஆமையின் ஆண்குறி வழியாகச் சிறுநீர் போவதில்லை, இணைசேர மட்டுமே அது பயன்படும். ஆகவே அதை அகற்றினாலும் உயிர்வாழ்வுக்குக் குறையில்லை. அந்தப் பெரிய விலங்குகளின் முதுகுத்தண்டில் லிடோகெயினைச் செலுத்தி, பின்பாதியை மட்டும் மரத்துப்போகச் செய்து அறுவை முடித்தார்கள். பெண் ஆமைகளுக்கு வேறு முறையில் கருத்தடை செய்தார்கள். 2010 மே மாதம் 39 ஆமைகள் பின்டாவில் இறங்கின.

இழந்தது எதுவுமில்லை என்று சொல்ல மாட்டேன். ஐஸ் பெட்டிக்குக் கணக்கு வேண்டியதில்லை. எந்தக் கிராமத்து மருந்தகத்திலும் அதைச் செய்யலாம். லிக்னோகெயினில் கணக்குத் தப்பினால் வலிப்பு வரும், இதயம் நிற்கும். ஊர்வனவற்றுக்கு உச்ச அளவு கிலோவுக்கு 5 மில்லிகிராம் என்று வைத்துக்கொள்கிறோம். 50 கிராம் எடையுள்ள ஒரு பல்லிக்கு அது கால் மில்லிகிராம். இரண்டு சதவீதக் குப்பியிலிருந்து ஒரு சொட்டு விழுந்தாலே ஏறக்குறைய ஒரு மில்லிகிராம், அதாவது நாலு மடங்கு. ஆகவே மருந்தைப் பத்து மடங்கு நீர்க்கச் செய்து, இன்சுலின் சிரிஞ்சில் கோடு பார்த்து எடுக்கிறோம். துல்லியமான தராசு இல்லாதவர் சின்னப் பல்லியைத் தொடாமலிருப்பதே நல்லது. மரத்துப்போனாலும் பயம் போவதில்லை என்பதையும் மறக்கக் கூடாது. கண்ணைத் துணியால் மூட வேண்டும், குரலைத் தாழ்த்த வேண்டும், பல நேரம் லேசான தூக்க மருந்தும் சேர்க்க வேண்டும். ஐஸ் பெட்டி நாட்களில் நாங்கள் சத்தமாகப் பேசிச் சிரித்தபடியே தையல் போட்டோம்.

சென்ற மாதம் கல்லூரி மாணவி ஒருத்தி பிளாஸ்டிக் வாளியில் ஒரு சிவப்புக் காது ஆமையைக் கொண்டுவந்தாள். ஆண்குறி வெளியே சரிந்து, காய்ந்து கறுத்துவிட்டது. உள்ளே தள்ளிப் பயனில்லை. எடை 600 கிராம். வாலைக் கழுவித் துடைத்து, கீழ்நோக்கி மெல்ல வளைத்து, வால் முள்ளெலும்புகளின் இடைவெளியை விரலால் தேடினேன். 2.4 மில்லிகிராம் லிக்னோகெயின், சிரிஞ்சில் 0.12 மில்லிலிட்டர். சில நிமிடங்களில் வால் தொய்ந்தது, கழிவுத்துளை தளர்ந்தது, பின்கால்கள் மேசை விளிம்பில் தொங்கின. முன்பாதி எதையும் அறியவில்லை. கழுத்தை நீட்டி விளக்கைப் பார்த்தது.

"டாக்டர், முழிச்சிட்டே இருக்கானே... வலிக்காதா?" என்றாள்.

"முழிச்சிருக்கட்டும்மா. அவன் கண்ணை மட்டும் உன் கையால மூடிக்கோ" என்றேன்.

கட்டு போட்டு, வெட்டி, தைத்து முடிக்க இருபத்தைந்து நிமிடம். அதன் பிறகு அவள் மடியில் துண்டை விரித்து ஆமையை வைத்துக்கொண்டு காத்திருந்தாள். ஒரு மணி நேரம் கடந்ததும் வாலின் நுனியை லேசாகக் கிள்ளினேன். வெடுக்கென்று உள்ளே இழுத்துக்கொண்டது.